சீட்டு ஜாஸ்தி ஆகிவிட்டதாம்

என் தம்பி மேல் எனக்கு இருக்கிற கோபம் இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்று ஆசையும் இல்லை. கூடப் பிறந்தவனைப் பற்றி நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதலாமா என்று என் வீட்டுக்காரரே கேட்டார். எழுதுவேன். அவன் பேசிய பேச்சு எங்கள் வீட்டோடு போயிருந்தால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். அதே பேச்சைத்தான் டிவியில் கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பேசுகிறார்கள். நாட்டின் பெரிய இன்ஜினியரிங் கல்லூரிகளில் இடத்தைக் கூட்டக் கூடாதாம், புதிதாகத் திறக்கக் கூடாதாம், தரம் போய்விடுமாம். தரம்! அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கிற பெண்கள் வரிசையாக மெஷின் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்த வரிசைக்குத்தான் லைன் என்று பெயர். வீட்டுக்காரருக்குத் தோல் தொழிற்சாலையில் ஃபினிஷிங் பிரிவு; பதமான தோலுக்குக் கலர் அடித்துப் பளபளப்பு ஏற்றுகிற வேலை. எங்களுக்கு ஒரே மகள். தம்பியும் நானும் கலவை என்கிற ஊர்ப் பக்கத்தில் கூலி வேலை செய்தவர்களின் பிள்ளைகள். அவன் படிப்பில் கெட்டிக்காரன். அந்தப் பெரிய கல்லூரிகளில் ஒன்றுக்கு எங்கள் பக்கத்திலிருந்து முதன்முதலாகப் போனவன். அப்போது கலவை பஸ் ஸ்டாண்டில் அவன் படம் போட்டுப் பேனர் கட்டினார்கள். இப்போது பெங்களூரில் பெரிய உத்தியோகம்.

அதில் எனக்குப் பொறாமை இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன். கம்பெனியில் நானே எல்லாரிடமும் பீற்றிக்கொண்டவள்தான். லீவுக்கு வரும்போதெல்லாம் கல்லூரி பெயர் போட்ட பழைய பனியனை மாட்டிக்கொண்டு, அங்கே சைக்கிளில் சுற்றியது, ஹாஸ்டல் மெஸ்ஸில் சண்டை போட்டது என்று கதை கதையாகச் சொல்வான். என் மகள் அவன் காலடியில் உட்கார்ந்து வாயைப் பிளந்து கேட்பாள். அவளுக்குச் சாமி மாதிரி அவன். நானும் அவள் அப்பாவும் அதற்கப்புறம்தான்.

அவளும் அந்தக் கல்லூரிகளுக்கான தேர்வை எழுதினாள். வேலூரில் ஒரு பள்ளியில் படித்துக்கொண்டு, டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே கணக்குப் போட்டுப் பழகிய பெண். அகில இந்தியத் தேர்வில் அவளுக்கு இடம் கிடைத்தது. பழைய கல்லூரிகளில் இல்லை. புதிதாகத் திறந்தவற்றில் ஒன்றில், வடக்கே, பெயர் சொன்னால் எங்கள் தெருவில் ஒருத்தருக்கும் தெரியாத ஊரில். மெக்கானிக்கல். போனில் அதைப் பார்த்ததும் அவள் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுப் பாய் அம்மா ஓடிவந்து, "இன்னாம்மா ஆச்சு, யாருக்கு இன்னா ஆச்சு?" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள். விஷயம் தெரிந்ததும் அவர்களே போய் ஒரு டப்பா ஸ்வீட் வாங்கிவந்து என் மகள் வாயில் திணித்தார்கள்.

முதல் போன் தம்பிக்குத்தான். ஸ்பீக்கரில் போட்டாள். "மாமா, கெடச்சிடுச்சு!" என்றாள். "சூப்பர்டா கண்ணு! எந்த ஊரு?" என்றான். ஊரைச் சொன்னாள். "ஓ... அதுவா" என்றான். அந்த "அதுவா"வை நான் சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன். இனிப்பு வாயில் இருக்கும்போதே பிள்ளையின் முகம் சுருங்கிப்போயிற்று.

"அது புதுசும்மா. எங்க காலேஜ் ஆளுங்க அதையெல்லாம் கணக்குல சேக்கறதே இல்ல. சீட்டை ஜாஸ்தி ஆக்கிட்டாங்க, யார் வேணா உள்ள வர்ற மாதிரி ஆயிடுச்சு. இப்ப தெருவுக்கு ஒண்ணு தொறக்கிறானுங்க. பேரே கெட்டுப் போச்சு," என்றான்.

நான் போனைப் பிடுங்கினேன். "தெருவுக்கு ஒண்ணா? எந்தத் தெருடா? எங்க தெருவுல காணோமே!" என்றேன். "ஐயோ அக்கா, உனக்குப் புரியாது. ஞாயித்துக்கிழமை வர்றேன், நேர்ல பேசலாம்," என்று வைத்துவிட்டான்.

உனக்குப் புரியாது. இதைச் சொல்லித்தான் எங்கள் வாயை அடைக்கிறார்கள். எனக்கு என்ன புரியாது? ஆம்பூரிலிருந்து வேலூர் போகிற ரோட்டில் ஒரு நாள் பஸ்ஸில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வரட்டும் அவன். வளைவு வைத்த கேட்டும் கோபுரம் மாதிரி முகப்புமாக எத்தனை தனியார் இன்ஜினியரிங் கல்லூரிகள்! அவற்றில் பாதியில் லேப் பூட்டிக் கிடக்கிறது. ஒன்று இப்போது கல்யாண மண்டபம். ஆற்காடு, திமிரி, கலவையிலிருந்தெல்லாம் மஞ்சள் பஸ்ஸில் அள்ளிக்கொண்டு வந்து, நாலு வருஷம் உட்காரவைத்து, கையில் ஒரு பேப்பரைக் கொடுத்து அனுப்புகிறார்கள். அந்தப் பெண்கள் எங்கே இருக்கிறார்கள் தெரியுமா? என் லைனில் இருக்கிறார்கள். இன்ஜினியரிங் படித்துவிட்டு ஷூவுக்குப் பசை தடவுகிறார்கள். ஒருத்தி, "மேடம், நான் படிச்சேன்னு வெளிய சொல்லாதீங்க, மத்தவங்க கிண்டல் பண்றாங்க," என்று என்னிடம் கெஞ்சினாள். அவர்களுக்கு மூளை இல்லையா? சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. நல்ல கல்லூரி எங்கோ நாலு இடத்தில். வாசலில் இருந்து உள்ளே போகமுடியாமல் திரும்பிய பிள்ளைகள் லட்சக்கணக்கில். இதில் சீட்டு ஜாஸ்தி ஆகிவிட்டதாம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தான். வாசலில் காரை நிறுத்திச் சிரித்துக்கொண்டே இறங்கினான்; என் மகளுக்கு ஒரு வாட்ச் வாங்கி வந்திருந்தான். கெட்ட மனசுக்காரன் இல்லை. அதுதான் என் எரிச்சலே. கெட்டவனாக இருந்தால் விரட்டியிருக்கலாம். சாப்பிட்டு முடித்து, அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு போனில் படம் காட்டினான். அவளுக்குக் கிடைத்த கல்லூரியின் படம். இரவல் கட்டடம், தகரக் கூரை போட்ட லேப், ஹாஸ்டலிலிருந்து வகுப்புக்கு வேன் பிடித்துப் போகிற பிள்ளைகள்.

"பாரு கண்ணு. இதுக்கா நீ இவ்ளோ படிச்ச? ஒரே ஒரு வருஷம். ஐதராபாத்ல நல்ல கோச்சிங் இருக்கு, ஃபீஸ் நான் பாத்துக்கறேன். அடுத்த வருஷம் பழைய காலேஜ்ல கால் மேல கால் போட்டு உக்காருவ. இதுல போய் சேந்துட்டா காலம் பூரா எந்த ஊரு கேம்பஸ்னு கேப்பாங்க. கேட்டுட்டு மூஞ்சைத் திருப்பிப்பாங்க."

"யார்ரா கேப்பாங்க?" என்றேன்.

"எங்க ஆளுங்கதான்க்கா. வேலைக்கு எடுக்கிற எடத்துலல்லாம் எங்க ஆளுங்கதானே இருக்காங்க."

"அப்ப உங்க ஆளுங்கள மூஞ்சைத் திருப்பாம இருக்கச் சொல்லு. எம்பொண்ணை இன்னாத்துக்குப் போகாதேன்ற?"

அவன் சிரித்தான். அப்போது நான் என் கம்பெனி விஷயத்தைச் சொன்னேன். எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஆர்டர் ஏறிப்போய்ப் புது லைன் திறக்க வேண்டுமென்றால், புது ஆட்களை மட்டும் கொண்டுபோய் அங்கே கொட்டமாட்டோம். பழைய லைனில் பாதிப் பேரை எழுப்பிவிடுவோம். அவரவர் உட்காருகிற குஷனை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கைப்பிடியில் அடையாளத்துக்கு நூல் சுற்றிய கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு, என்னைத் திட்டித் தீர்த்துக்கொண்டே புது ஷெட்டுக்குப் போவார்கள். அங்கே பழைய ஆள் ஒன்று, பக்கத்தில் புது ஆள் ஒன்று என்று உட்காரவைப்போம். காலியான பழைய லைனிலும் அதேபோலப் புதுப் பெண்களை நடுநடுவே உட்காரவைப்போம். கொஞ்ச நாளைக்கு இரண்டு லைனும் படுத்துவிடும். மேனேஜர் என் தலையை உருட்டுவார். அப்புறம் இரண்டும் எழுந்துகொள்ளும். எது பழைய லைன், எது புது லைன் என்று ஆடிட் வருகிறவனுக்குத் தெரியாது. முன்னே ஒரு தரம் அப்படிச் செய்யாமல், புதுப் பெண்களை மட்டும் ஒரு ஷெட்டில் போட்டு நடத்தினார்கள். ரிஜெக்ட் குவிந்தது. உடனே மேனேஜர் என்ன சொன்னார் தெரியுமா? "இந்தக் கிராமத்துப் பொண்ணுங்களுக்கு வேலை வராது." அதே வாய்தான் என் தம்பிக்கும்.

"பழைய காலேஜ்ல இருக்கிற நல்ல வாத்தியாருங்கள்ல பாதிப் பேரை எழுப்பி அங்க அனுப்பச் சொல்லு. தரம் எப்படிப் போவுதுன்னு நான் பாக்கறேன்," என்றேன்.

"ஐயோ அக்கா! ஷூ தைக்கிறதும் ப்ரொஃபசர் வேலையும் ஒண்ணா? அவங்க ஆராய்ச்சி இன்னா ஆவறது? லேப் இன்னா ஆவறது? போ போன்னா போயிடுவாங்களா?"

"போகலன்னா அது அவங்க தப்பு. எம்பொண்ணு தப்பா?"

அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். நல்ல மனுஷன், பேசாத மனுஷன், அன்றைக்கு மட்டும் பேசினார்.

அவர் பிழைப்பே இரண்டாவது தடவைதான். தோல் வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியின் ஆள் வந்து பார்த்து, நிறம் சரியில்லை, தழும்பு தெரிகிறது என்று ஒரு லாட்டையே மொத்தமாகத் தள்ளிவிட்டுப் போவான். இவர்கள் அதை லேசாகத் தேய்த்து, திரும்பக் கலர் அடித்து, சூடான இரும்புப் பிளேட்டில் அழுத்தி, மறுபடி கொண்டுபோய் மேஜையில் விரிப்பார்கள். பாஸாகிவிடும். சில சமயம் முதலில் பாஸான தோலைவிட நன்றாக இருக்கிறது என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் போவானாம்.

"மச்சான் சொல்றதும் நாயம்தான். நாங்க பாக்காததா? ரெண்டாவது இன்ஸ்பெக்‌ஷன்ல எல்லாம் பளிச்சுனு வந்துடும். ஒரு வருஷம் தானே," என்றார்.

எனக்கு வந்ததே ஆத்திரம். "தள்ளுன தோலைத்தானே திரும்பத் தேய்ப்பீங்க? இவளைத்தான் பாஸ் பண்ணிட்டாங்களே! பாஸான தோலைக் கப்பல்ல ஏத்தாம, திரும்பப் பதம் பண்ற ட்ரம்முகிட்ட கொண்டாந்து எவனாச்சும் தேய்ப்பானா? உங்க மொதலாளிகிட்ட போய்ச் சொல்லிப் பாருங்க, செருப்பாலயே அடிப்பான்!" என்று கத்தினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார், ஆனால் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. இந்த ஊரில் வேறு யாருக்கு அப்படித் தோன்றும்? தோலையே பார்த்துப் பார்த்து, பெற்ற பிள்ளையையும் அதே மேஜையில் விரித்துவிட்டார்.

இரண்டு ஆம்பளைகளும் ஒரு பக்கம். நான் மகளைப் பார்த்தேன். "நீ சொல்லுடி," என்றேன்.

அவள் மாமாவின் போனில் அந்தத் தகரக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மாமா மூஞ்சே சரியில்லம்மா. அங்க போய் நான் எப்படிம்மா சந்தோசமா இருப்பேன்?" என்றாள். அவள் அழுதிருந்தால் மல்லுக்கட்டியிருப்பேன். அழவில்லை. வெட்கப்பட்டாள். அத்தனை கஷ்டப்பட்டு வாங்கிய இடத்துக்காக என் பிள்ளையை வெட்கப்பட வைத்துவிட்டான்.

கவுன்சலிங்கின் கடைசிச் சுற்றுக்கு முன்னால் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அடுத்த வருஷம் எழுதலாம். சேர்ந்துவிட்டால் எழுதமுடியாது. எப்படியும் இரண்டு தடவைக்கு மேல் எழுத விடமாட்டார்கள். மாமாவின் லேப்டாப்பிலேயே வேண்டாம் என்று அழுத்தினாள். அந்த இடத்தை யாரோ ஒரு பிள்ளை எடுத்துக்கொண்டது. அந்தப் பிள்ளை நன்றாக இருக்கட்டும். அதன் வீட்டில் புத்தியுள்ளவர்கள் இருந்திருக்கிறார்கள்.

அரசாங்கத்தின் மேலும் எனக்குக் கோபம்தான். அந்தப் படங்கள் பொய் இல்லையே. கல்லூரி திறக்கிறோம் என்று ரிப்பனை வெட்டிவிட்டு, நல்ல வாத்தியாரை எல்லாம் பழைய இடத்திலேயே வைத்துக்கொண்டு, புது இடத்துக்குத் தகரத்தை மட்டும் அனுப்பினால் என்ன அர்த்தம்? என் மேனேஜர் செய்த அதே வேலை. திறக்கத்தான் வேண்டும், இன்னும் பத்து திறந்தாலும் போதாது. ஆனால் ஆளைப் பிரித்துக் கொடுத்துத் திறக்க வேண்டும். ஒருத்தன் திறக்காதே என்கிறான், இன்னொருத்தன் வெறும் போர்டைத் திறக்கிறான். நடுவில் என் பிள்ளை.

ஐதராபாத்தில் அவள் இருந்த ஒரு வருஷத்தைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை. ஜன்னல் இல்லாத அறை. வாரா வாரம் டெஸ்ட், ரேங்க் போட்டுச் சுவரில் ஒட்டுவார்கள். போன் பேசும்போது "சாப்ட்டியா?" என்றால் "ம்" என்பாள். வேறு எதைக் கேட்டாலும் "ம்"தான். டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு சிரித்துக்கொண்டே படித்த பெண், தலைமுடி கொட்டி, கண்ணுக்குக் கீழே கருத்துப்போய்த் தீபாவளிக்கு வந்தாள். பட்டாசைத் தொடவில்லை. நான் திரும்ப அனுப்பமாட்டேன் என்றேன். "இப்ப நிறுத்தினா எதுவுமே இல்லம்மா," என்றாள். வாஸ்தவம்தானே. கையில் இருந்ததைத்தான் விட்டாயிற்றே.

இரண்டாவது தடவை எழுதியதில் இடம் கிடைக்கவில்லை. பழைய கல்லூரியும் இல்லை, புதியதும் இல்லை, அந்தத் தகரக் கூரையும் இல்லை. ரிசல்டைப் பார்த்துவிட்டு அவள் ஒன்றும் கத்தவில்லை. பாய் அம்மா வாசல் வரைக்கும் வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனார்கள். வீட்டுக்காரர் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. கொல்லைப்பக்கம் போய்த் துணி துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டு, "நான்தான் கெடுத்தேன், நான்தான் கெடுத்தேன்," என்று தலையில் அடித்துக்கொண்டார். அந்த மனுஷனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தெரிந்தவன் என்று ஒருத்தன் இருந்தானே, அவனைத்தான் கேட்க வேண்டும்.

அவள் மஞ்சள் பஸ்ஸில் ஏறினாள். வேலூர் ரோட்டில் நான் சொன்னேனே, அந்த மாதிரி ஒரு கல்லூரி. விடியற்காலையில் கழுத்தில் கயிற்றோடு கார்டைத் தொங்கவிட்டுக்கொண்டு போவாள். அவள் பஸ்ஸுக்கு நிற்கிற இடத்தில்தான் என் கம்பெனி வேனும் நிற்கும். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்போம். நாலு வருஷம் கழித்து இவளும் என் லைனில் வந்து உட்காருவாளோ என்று நினைத்துக்கொண்டே நான் வேனில் ஏறுவேன்.

போன மாதம் தம்பி வந்தான். ரிசல்டுக்குப் பிறகு முதல் தடவை. கூட அவன் மகனையும் அழைத்து வந்திருந்தான். பிளஸ் டூ படிக்கிறான், அடுத்த வருஷம் அதே தேர்வை எழுதப்போகிறான். தம்பியின் முகத்தில் பழைய தெம்பு இல்லை. காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்காரரிடம் புலம்பினான்.

"மாமா, இவனை நெனச்சா ராத்திரி தூக்கம் வர்ல. எவ்ளோ பசங்க எழுதறாங்க தெரியுமா? சீட்டு ரொம்பக் கம்மி. எங்க ஏரியாவுல அப்பா அம்மாங்க எல்லாம் சேந்து மனு கொடுத்திருக்கோம். இன்னும் நாலு காலேஜ் தொறக்கணும் மாமா. புதுசா இருந்தா இன்னா, போகப் போக நல்லா ஆயிடும்."

அடுக்களையிலிருந்து கரண்டியோடு வெளியே வந்துவிட்டேன். "டேய்!" என்றேன். அவன் என்னைப் பார்க்காமல் என் மகள் பக்கம் திரும்பினான்.

"கண்ணு, உன்னோட கோச்சிங் புக்கெல்லாம் இருக்கில்ல? இவனுக்குக் கொடேன். உனக்கு இனிமே தேவைப்படாதே."

உனக்கு இனிமே தேவைப்படாதே. அப்படியே சொன்னான். வீட்டுக்காரர், "மச்சான்..." என்று எழுந்துவிட்டார். என் மகள் கையைக் காட்டி அவரை உட்காரச் சொன்னாள். உள்ளே போய், கட்டிலுக்கு அடியிலிருந்து இரண்டு பையை இழுத்துக்கொண்டு வந்து அவன் காலடியில் வைத்தாள். அவன் மகனைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள், நல்ல சிரிப்பு. அப்புறம் மாமாவிடம் சொன்னாள்.

"எல்லாம் இருக்கு மாமா, எடுத்துட்டுப் போங்க. இவனுக்கு எந்த ஊர்ல கெடச்சாலும், இன்னா கெடச்சாலும், போய் சேந்துடச் சொல்லுங்க. அன்னைக்கு மட்டும் நீங்க அவன்கிட்ட எதுவும் பேசாதீங்க."

தம்பி இரண்டு பையையும் தூக்கிக்கொண்டு தலையைக் குனிந்தபடி காருக்குப் போனான். அவன் மகன் மட்டும் திரும்பி, "தேங்க்ஸ் அக்கா," என்றான். காரில் ஏறும்போது தம்பி அழுதான் என்று, வாசல் வரைக்கும் போய்வந்த வீட்டுக்காரர் சொன்னார். அழட்டும். எனக்கு அது போதவில்லை.